ஒரு மதியத்துக்கு வந்த தாய்மாமன்

எங்கள் டயாலிசிஸ் வாட்ஸப் குழுவில் போன வாரம் ஒருவர் ஒரு கட்டுரையைப் பகிர்ந்திருந்தார். சிறுநீரகம் விற்பதைச் சட்டப்படி அனுமதிக்க வேண்டும் என்று வாதாடும் கட்டுரை. விற்பவனுக்குச் சம்மதம், வாங்குபவனுக்குச் சம்மதம், நடுவில் அரசாங்கத்துக்கு என்ன வேலை என்று கேட்டிருந்தார் எழுதியவர். கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். போன வருடம் என்றால் நானும் ஒரு கைகூப்பு போட்டிருப்பேன். இப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. நாலு வரியில் அடங்காத கோபம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நான் கணக்கு ஆசிரியை. ஊரப்பாக்கத்தில் வீடு. ஒரே மகள் நித்யா, இருபத்து மூன்று வயது, சிறுசேரியில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் வேலை. தை மாதத்திலிருந்தே அவளுக்குக் காலையில் குமட்டல். இரவு ஷிப்ட்டும் கண்ட நேரத்துச் சாப்பாடும்தான் காரணம் என்று நானே முடிவு கட்டினேன். கணுக்கால் வீங்கியது. நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தால் வீங்கத்தான் செய்யும் என்றேன். தலைவலி என்று மாத்திரை போட்டாள். நான்தான் வாங்கிக் கொடுத்தேன். ஒரு நாள் காலில் செருப்பு நுழையவில்லை. அன்றைக்குத்தான் டாக்டரிடம் போனோம். அவர் ஒரு கையில் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, பட்டையைக் கழற்றி மறுகையில் கட்டிப் பார்த்தார்.

மறுநாள் வந்த ரத்தப் பரிசோதனைத் தாளில் கிரியாட்டினின் என்ற சொல்லுக்கு எதிரே ஒன்பதரை என்று இருந்தது. தசைகள் வேலை செய்யும்போது உடம்பில் சேரும் கழிவு அது. சிறுநீரகம்தான் அதை வடித்து வெளியே தள்ள வேண்டும். ஒன்றை ஒட்டி இருக்க வேண்டிய அளவு. ஸ்கேன் எடுத்தவர், இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன என்றார். சரியாகிவிடுமா என்று கேட்டேன். சுருங்கியது விரியாது, அம்மா என்றார். கனிவாகத்தான் சொன்னார்.

அன்றே கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் தொடங்கினார்கள். ரத்தத்தை வெளியே எடுத்து, இயந்திரத்தில் கழுவி, திரும்ப உள்ளே விடுவது. வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். சிறுநீர் குறைந்துவிட்டதால் குடிக்கும் தண்ணீருக்கும் அளவு. என் கணவர் காலையில் ஒரு பாட்டிலில் அளந்து ஊற்றி, அதில் பாதியை ஐஸ் கட்டிகளாக்கி வைப்பார். கட்டியை வாயில் அடக்கிக்கொண்டால் தாகம் கொஞ்ச நேரம் ஏமாறும். வாழைப்பழம், இளநீர், தேங்காய், கீரை எல்லாம் விலக்கு. அவற்றில் இருக்கும் பொட்டாசியம் வெளியேறாமல் சேர்ந்தால் இதயம் நின்றுவிடும் என்று சொல்லியிருந்தார்கள். எதிர்வீட்டு மல்லிகா காய்களை இரண்டு முறை வேகவைத்துத் தண்ணீரை வடித்துப் பொரியல் செய்து அனுப்புவாள். சக்கையைப்போல இருக்கும். நித்யா ஒரு நாளும் குறை சொல்லாமல் சாப்பிட்டாள். பள்ளியில் என் விடைத்தாள்களை மற்றவர்கள் பிரித்துக்கொண்டு திருத்தினார்கள். பணம் என் கணவரின் சேமநிதியிலிருந்து போய்க்கொண்டிருந்தது. அதைப் பற்றி இவ்வளவு போதும்.

மாற்றுச் சிறுநீரகம்தான் வழி என்றார் டாக்டர். மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து பெறும் பட்டியலில் பெயரைப் பதிந்தோம். எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வீட்டில் யாராவது கொடுத்தால் சீக்கிரம் செய்யலாம். என் கணவருக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறார், அவர் கொடுக்க முடியாது. மீதி நான். நித்யாவும் நானும் ஒரே ரத்த வகை.

முதல் நாள் பரிசோதனையில் என் ரத்த அழுத்தம் அதிகமாக இருந்தது. பதற்றத்தால்கூட ஏறியிருக்கலாம், இருபத்து நாலு மணி நேரமும் பட்டையைக் கட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும், அடுத்த வாரம் வாருங்கள் என்றார் டாக்டர். நான் போகவில்லை. வீட்டில், எனக்கு பிரஷர் இருக்கிறதாம் என்று மட்டும் சொன்னேன். பொய் இல்லை. உண்மையும் இல்லை. மயக்க மருந்து கொடுத்து வயிற்றைத் திறப்பார்கள் என்பதை நினைத்தாலே எனக்குப் பயம். பெற்ற மகளுக்காக உயிரையே கொடுப்பேன் என்று வாய் சொல்லும். ஒரு சிறுநீரகத்தைக் கேட்டபோது உடம்பு பின்வாங்கியது. இதை எழுத எனக்கு இத்தனை மாதம் ஆகியிருக்கிறது.

டயாலிசிஸ் காத்திருப்புக் கூடத்தில் சதாசிவம் சார் பழக்கமானார். ஓய்வுபெற்ற அதிகாரி, அவர் மனைவி நித்யாவுக்குப் பக்கத்துக் கட்டில். படித்தவர், நிதானமாகப் பேசுவார். "நாம காசு கொடுத்து எல்லாம் வாங்கறோம், டீச்சர். ஒருத்தன் வெயில்ல கல்லுடைச்சு உடம்பை விக்கிறான், அது சட்டப்படி சரி. ஒரே நாள்ல ஒரு உறுப்பை வித்து நல்லா இருக்கேன்னா மட்டும் குத்தமா?" என்பார். சட்டமாக்கிவிட்டால் தரகன் இருக்க மாட்டான், நல்ல விலை கிடைக்கும், நல்ல ஆஸ்பத்திரியில் நடக்கும் என்பார். எனக்கு அந்தப் பேச்சு இனித்தது. கணக்கு சரியாக வந்தது. என் பெயர் அந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை என்பதுதான் அதன் இனிப்பு என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

அவர்தான் ஒரு தொலைபேசி எண்ணைக் கொடுத்தார். அந்த ஆள் தன்னை கோஆர்டினேட்டர் என்று சொல்லிக்கொண்டான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, மெதுவான குரல். பெற்றோர், உடன்பிறந்தவர், கணவன், மனைவி என்று மிக நெருங்கியவர் அல்லாத ஒருவர் உறுப்பு கொடுத்தால் அரசின் அனுமதிக் குழு முன்னால் இரண்டு தரப்பும் நிற்க வேண்டும். காசுக்காக இல்லை, பாசத்துக்காகக் கொடுக்கிறார் என்று குழு நம்ப வேண்டும். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அவன் திருப்தியாகத் தலையாட்டினான். தாய்மாமனைவிடப் பாசத்துக்கு என்ன சாட்சி வேண்டும் என்றான். பொண்ணுக்கு முதல் சீர் வைக்கிற உறவு, எந்தக் குழுவும் கேள்வி கேட்காது. எனக்கு ஒரு தம்பியைத் தயார் செய்து தருவதாகச் சொன்னான். காகிதமெல்லாம் அவன் பொறுப்பு. பழைய புகைப்படங்கள் வேண்டும், அதற்கு மட்டும் நாங்கள் ஒரு மதியம் வர வேண்டும்.

மாமல்லபுரத்தில் ஒரு லாட்ஜ் அறைக்கு வரச் சொன்னான். ஆளுக்கு நாலு செட் துணி கொண்டுவரச் சொல்லியிருந்தான். ஒவ்வொரு செட்டும் படத்தில் ஒவ்வொரு வருடமாகிவிடும். நித்யா கழுத்துக் குழாயின் மேல் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டாள். உடம்பு இளைத்திருந்ததால் பழைய சுடிதார்கள் தொளதொளவென்று தொங்கின. முதுகுப் பக்கம் ஊக்கு குத்திவிட்டேன். ஏற்பாடு முழுவதும் அவளுக்குத் தெரியும். காரில் வரும்போது ஒன்றுதான் கேட்டாள். "அவருக்கு ஒண்ணும் ஆகாதுல்லம்மா?" ஆகாது என்றேன். எனக்கு என்ன ஆகும் என்று பயந்து ஓடியவள், இன்னொருவருக்கு ஒன்றும் ஆகாது என்று ஒரு நொடியில் சொன்னேன்.

அவர் பெயர் முருகேசன். முப்பத்தைந்து வயது இருக்கும். உள்ளே தள்ளி ஒரு கிராமத்துக்காரர், சவுக்குத் தோப்புகளில் மரம் வெட்டித் தோளில் சுமந்து லாரியில் ஏற்றும் வேலை. பழைய சரக்கு வண்டி ஒன்றை வாங்கிவிட்டால் தோளில் சுமக்க வேண்டியதில்லை என்பதுதான் அவர் கணக்கு. புதுச் சட்டையின் மடிப்புக் கலையாமல், கையில் ஒரு தாம்பாளத்தோடு வாசலில் நின்றார். தட்டில் ஒரு சேலை, இரண்டு டஜன் கண்ணாடி வளையல், மஞ்சள் குங்குமம், பூ, தேங்காய், ஒரு சீப்பு வாழைப்பழம்.

கோஆர்டினேட்டர் முகம் சுளித்தான். "இன்னாய்யா இது? இதெல்லாம் யார் கேட்டாங்க?"

"தாய்மாமன்னு சொன்னீங்களே, சார். வெறுங்கையோட எப்டி வர்றது?" என்றார் முருகேசன். பிறகு நித்யாவைப் பார்த்து, "கலரு புடிக்கலன்னா மாத்திக்கலாம்மா, பில்லு கீது" என்றார்.

கோஆர்டினேட்டர் மூலம் நாங்கள் கொடுத்திருந்த முன்பணத்திலிருந்துதான் வாங்கியிருக்கிறார். நித்யா பெரியவளானபோது சடங்குக்கு இப்படி ஒரு தட்டோடு வர எனக்கு ஒரு தம்பி இல்லை. கோஆர்டினேட்டர் அதையும் விடவில்லை, நல்லதாப்போச்சு என்று அந்தத் தட்டை வைத்தே ஒரு படம் எடுத்தான். நித்யா கை நீட்டி வாங்கிக்கொண்டாள். வாழைப்பழம் அவளுக்கு விஷம் என்பதை அந்த அறையில் யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

படத்துக்கு நடுவே பேச்சுப் பயிற்சி. நான் அவரை வாடா போடா என்று கூப்பிட வேண்டும், அவர் என்னை அக்கா என்க வேண்டும். எனக்கு வாங்க போங்க என்றே வந்தது. அவருக்கு மேடம் என்றே வந்தது. கமிட்டியில் ஒரு தடவை மேடம் என்றால் அத்தனையும் பாழ் என்று கோஆர்டினேட்டர் அதட்டினான். முருகேசன் சிரித்தார். "பழகிடும், சார். எங்கூட்டுப் பக்கத்துல நாய்க்கே ரெண்டு பேரு வச்சிக்கீறோம்" என்றார். நித்யாகூட அன்றைக்குச் சிரித்தாள்.

கிளம்பும்போது அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். "ஆபரேசன் முடிஞ்சி எத்தினி நாள்ல மரம் தூக்கலாம், மேடம்? வண்டி வாங்கற வரைக்கும் தூக்கணுமே." கோஆர்டினேட்டர் சொல்லவில்லையா என்றேன். பத்து நாள் என்றானாம். அதெல்லாம் டாக்டர் சொல்வார் என்று நான் நழுவினேன். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். கனமான எதையும் மாதக்கணக்கில் தூக்கக் கூடாது. அதோடு வருடத்துக்கு ஒரு முறை ரத்தம், சிறுநீர், ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். உயிரோடு இருக்கும்வரை.

இரண்டு நாள் கழித்து கோஆர்டினேட்டர் பேசினான். கமிட்டி கேட்கும் முதல் கேள்விக்குப் பதில் வேண்டும் என்றான். அம்மா இருக்கும்போது அம்மா ஏன் கொடுக்கவில்லை என்று கேட்பார்கள். எனக்குத் தகுதி இல்லை என்று காகிதம் வேண்டும், அந்த இருபத்து நாலு மணி நேரப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள் என்றான். எனக்கு பிரஷர் இருப்பதாகத்தானே அவனிடமும் சொல்லியிருந்தேன்.

பட்டையைக் கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். அரை மணிக்கு ஒரு முறை அது தானாக ஊதி என் கையை நெரித்துவிட்டுத் தளரும். பத்தாம் வகுப்பில் ஒரு பெண், வலிக்குதா மிஸ் என்று கேட்டாள். ஒவ்வொரு முறை நெரிக்கும்போதும், அதிகமாகக் காட்டட்டும் என்று வேண்டிக்கொண்டேன். தன் உடம்பில் நோய் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட தாய் நான்.

மறுநாள் டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். நாள் முழுக்க இயல்பான அழுத்தம், எங்களைப் பார்த்தால்தான் உங்களுக்கு ஏறுகிறது என்று சிரித்தார். மற்ற சோதனைகளையும் முடித்துவிட்டால் நீங்களே கொடுக்கலாம் என்றார். கோஆர்டினேட்டரிடம் சொன்னேன். அவனுக்குக் கொஞ்சமும் அதிர்ச்சி இல்லை. "அந்தத் தாளைக் கொடுங்க மேடம், வேற தாள் வரும்" என்றான்.

செங்கல்பட்டு போகும் மின்சார ரயில் வந்தது, போனது. ஊரப்பாக்கம் நடைமேடையில் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதுவரை நான் பயந்த ஒரு சாதாரண மனுஷி. அந்தத் தாளை அவனிடம் கொடுத்தால், என் நல்ல சிறுநீரகத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு முருகேசனுடையதை எடுத்துக்கொள்பவள்.

வீட்டுக்குப் போய் நித்யாவிடம் தாளைக் கொடுத்தேன். போகாமல் ஏமாற்றிய வாரத்தைச் சொன்னேன். அவள் இரண்டு முறை படித்தாள்.

"பயமா இருக்குன்னு சொல்லியிருக்கலாம்ல, அம்மா. எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றாள்.

அதற்குப் பிறகு மூன்று டயாலிசிஸ் முடியும்வரை என்னோடு பேசவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நாலாவது முறை, ஐஸ் கட்டி கேட்டாள்.

ஏற்பாடு வேண்டாம் என்றதும் கோஆர்டினேட்டர் கத்தினான், முன்பணம் வராது என்றான். சதாசிவம் சார், உணர்ச்சிவசப்படுகிறீர்கள் டீச்சர் என்றார். முருகேசனும் ஒரு முறை கூப்பிட்டார். "நா இன்னா தப்பு பண்ணேன், மேடம்? அந்தத் தட்டை வாங்கினு வந்ததுக்கு கோவமா?" அவர்மேல் ஒரு தப்பும் இல்லை, நானே கொடுக்கப் போகிறேன் என்றேன். "நல்லது மேடம். பொண்ணு நல்லா இருக்கட்டும்" என்று வைத்துவிட்டார்.

எனக்கு மீதிப் பரிசோதனைகள் நடந்தன. இரண்டு ரத்தத்தையும் கலந்து, அவள் உடம்பு என்னுடையதை எதிர்க்குமா என்று பார்த்தார்கள். என் இரண்டு சிறுநீரகங்களில் எது எவ்வளவு வேலை செய்கிறது என்று அளந்தார்கள். கையெழுத்துப் போடும்போது யாராவது வற்புறுத்துகிறார்களா என்று என்னைத் தனியாக வைத்துக் கேட்டார்கள். இல்லை என்றேன். ஆபரேஷன் அன்று பயந்தேன். ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு நர்ஸின் கையை விடாமல் பிடித்திருந்தேன். அவள் கையை இழுத்துக்கொள்ளாமல் கதவு வரை கூடவே வந்தாள்.

கண் விழித்தபோது இடுப்பில் தீயை வைத்ததுபோல் வலி. என் கணவர் காதருகே குனிந்து, நித்யாவின் பையில் சிறுநீர் இறங்குகிறது என்றார். அப்படியொரு நல்ல செய்தியை நான் கேட்டதில்லை. ஐந்தாம் நாள் அவளுடைய கிரியாட்டினின் ஒன்றரைக்கு வந்தது. முகக்கவசத்தோடு நடந்து வந்து என் கட்டிலருகே நின்று, ஒரு முழு டம்ளர் தண்ணீரை என் எதிரிலேயே குடித்துக் காட்டினாள். ஆஸ்பத்திரியில் எனக்கும் ஓர் அட்டை கொடுத்தார்கள். மூன்று மாதம், ஆறு மாதம், பிறகு ஒவ்வொரு வருடமும் நான் வர வேண்டிய நாட்கள் அதில் இருக்கின்றன.

சட்டமாக்கிவிட்டால் தரகன் போய்விடுவான் என்கிறார்கள். போகலாம். ஆனால் அம்மா ஏன் கொடுக்கவில்லை என்று கேட்கவும் யாரும் இருக்க மாட்டார்கள். எதற்குக் கேட்க வேண்டும்? மருந்துக் கடையில் மாத்திரை வாங்குபவளிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை. ரசீதோடு வாங்கி, முருகேசனின் முகத்தைக்கூடப் பார்க்காமல், நான் நல்லவளாகவே வீடு திரும்பியிருப்பேன். அந்த எரிச்சலூட்டும் சட்டமும் அந்த அசட்டுக் கேள்வியும்தான் என் கையில் பட்டையைக் கட்டின. விற்பவனின் சம்மதத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்களே, சம்மதிக்கும் ஒரு முருகேசன் தயாராக இருந்தால் என்னைப்போன்றவர்கள் எவ்வளவு சீக்கிரம் கோழையாகிறோம் என்பதையும் எழுதுங்கள்.

என் ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம் கழித்து முருகேசன் மறுபடி கூப்பிட்டார். அதே கோஆர்டினேட்டர் மூலமாக வெளி மாநிலத்தில் வேறொரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டாராம். அங்கே சித்தப்பாவாம். வண்டி இன்னும் வாங்கவில்லை.

"உங்களுக்கும் தையல் போட்ட பக்கம் மரத்தாப்பல கீதா, மேடம்?" என்று கேட்டார். "காலு வேற வீங்குது. யாரைக் கேக்கறதுன்னு தெரில."

செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்கு வரச் சொன்னேன். வந்தார். இளைத்திருந்தார், ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தார். வரிசையில் கூடவே நின்றேன். உள்ளே இளம் டாக்டர் தழும்பைப் பார்த்துவிட்டு என்ன ஆபரேஷன் என்று கேட்டார். கல்லு எடுத்தாங்க என்றார் முருகேசன். டாக்டர் எழுதப் போனார்.

"கல் இல்லை, டாக்டர்" என்றேன். "ஒரு கிட்னி இல்லை."

டாக்டர் எங்கள் இருவரையும் பார்த்தார். வேறெதுவும் கேட்கவில்லை. ரத்தம், சிறுநீர், ஸ்கேன் என்று எழுதிக் கொடுத்து, இன்றைக்கே எடுத்துவிடுங்கள் என்றார்.

வெளியே வந்ததும் முருகேசன் என்னைப் பார்த்த பார்வையில் மாமல்லபுரத்து மனிதர் இல்லை. "எதுக்கு சொன்னீங்க? கேசுன்னு வந்தா அந்தாளு எங்கூட்டுக்கு வருவான். உங்கூட்டுக்கா வருவான்? கொடுக்கறதுக்கு உங்களுக்கு ஒரு காரணம் இருந்திச்சி, கொடுத்தீங்க. எனக்கு விக்கறதுக்கு இருந்தது அது ஒண்ணுதான்."

சட்டமாகியிருந்தால் அவர் பயப்பட வேண்டியதில்லையே என்பீர்கள். உண்மைதான். தைரியமாக உண்மையைச் சொல்லியிருப்பார். ஒரு கிட்னியும் வீங்கிய காலும் தோளில் சவுக்கு மரமும் அப்படியே இருந்திருக்கும்.

நில்லுங்க, ஸ்கேன் மட்டும் எடுத்துவிட்டுப் போங்க என்று பின்னாலேயே போனேன். என் இடுப்பில் தையல் போட்ட இடம் இழுத்தது. அவர் வாசலைத் தாண்டி பஸ் நிலையத்துப் பக்கம் போய்விட்டார். சீட்டு என் கையில் இருந்தது. திரும்பி வந்து ஸ்கேன் அறையில் சீட்டைக் காட்டி அவர் பெயரைப் பதிந்துவிட்டு, எதிரே பெஞ்சில் உட்கார்ந்தேன், மனசு மாறி வந்தால் இடம் போகக் கூடாது என்று. மதியத்துக்குள் அவர் பெயரை இரண்டு முறை கூப்பிட்டார்கள். இரண்டு முறையும் எழுந்து நின்று, இதோ வந்துவிடுவார் என்றேன். மூன்றாவது முறை அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டார்கள்.